அடுத்த பெருந்தொற்று வந்தால் எந்த ஊர்? சென்னையா, கோவையா, போடியா? (வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார்)

தேனிக்காரி கேட்கிறார்:

வணக்கம். இப்போது எந்த அலையும் இல்லை, அதனால்தான் இப்போதே கேட்கிறேன். 2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது பல குடும்பங்கள் எந்த ஊரில் இருப்பது என்று யோசித்ததே ஊரடங்கு அறிவிப்புக்குப் பிறகுதான். பையைத் தூக்கிக்கொண்டு கோயம்பேடு பேருந்து நிலையத்தில் நெருக்கியடித்து நின்றது அதனால்தான். அடுத்த முறைக்கு முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும்.

வீட்டில் ஐந்து பேர். எங்கள் இருவருக்கும் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை. பையனுக்கு ஏழு வயது. மாமியாருக்கு 66, சர்க்கரை உண்டு. மாமனாருக்கு 71, திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ், இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக் குழாய்களை இணைத்த இடம்).

கையில் இருப்பது மூன்று வழி. சென்னை வேளச்சேரியில் இப்போது இருக்கும் அடுக்குமாடி வாடகை வீடு. இரண்டு படுக்கையறை, டயாலிசிஸ் மையம் 3 கிலோமீட்டரில். கோவை சிங்காநல்லூரில் சொந்தக்காரர் வீட்டு மாடிப் போர்ஷன். போடிநாயக்கனூரில் சொந்த வீடு. திண்ணை, முற்றம், பின்கட்டு எல்லாம் உண்டு.

பெரியவர்கள் போடி என்கிறார்கள். "அங்கே ஜன நெருக்கடி கிடையாது, காற்று சுத்தம்" என்பது அவர்கள் காரணம். எதை எதை அளந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொதுச்சுகாதாரம்76:

நெருக்கடி குறைந்த ஊர் பாதுகாப்பான ஊர் என்பது பாதி உண்மை. சென்னையில் 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல். தொற்று முதலில் அங்கே வேகமெடுத்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் கோயம்பேடு சந்தையை 2020 மே 5ஆம் தேதி மூடுவதற்குள் அங்கே சுமை தூக்கியவர்கள், லாரியோடு வந்து போனவர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் கிராமங்கள் வரை தொற்று போய்விட்டது. அந்தக் கிராமங்களில் நெருக்கடியே கிடையாது. சென்னையோடு சந்தைத் தொடர்பு இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு ஊரைப் பார்க்கும்போது அது யாரோடு வியாபாரம் செய்கிறது, தினமும் எத்தனை பேர் வெளியே போய்த் திரும்புகிறார்கள் என்று பாருங்கள். போடி ஏலக்காய் ஊர். ஏல மையத்துக்கு வியாபாரிகள் வருகிறார்கள். காலையில் ஜீப் ஜீப்பாகத் தோட்டத் தொழிலாளர்கள் போடிமெட்டு ஏறி இடுக்கிப் பக்கம் போய், சாயங்காலம் இறங்குகிறார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். எல்லை திறந்திருக்கும் வரை போடி ஒதுக்குப்புறம் இல்லை. எல்லையை மூடினால் ஊரின் வருமானமே நின்றுபோகும், ஆகவே சீக்கிரம் திறக்கச் சொல்லி நெருக்கடி இருக்கும்.

அடுத்து, அலை எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. 2021 மே நடுவில் சென்னையில் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. அதே மாதக் கடைசி வாரத்தில் தினசரித் தொற்றில் கோவை சென்னையை முந்தியது. "சென்னையில் ஏறுகிறது, கோவைக்குப் போவோம்" என்று மே முதல் வாரத்தில் கிளம்பியவர் உச்சத்துக்குள் நேராகப் போய் நின்றிருப்பார். அந்த ஜூன், ஜூலையில் மாநில அரசு எடுத்த ரத்த ஆய்வில் கிருமிக்கான எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) இருந்தவர்கள் மாநில அளவில் 66 சதவீதம். விருதுநகரில் 84, ஈரோட்டில் 37. குறைவாக இருக்கும் இடத்தில் இன்னும் பற்றாத விறகு அதிகம் என்று பொருள். "இப்போது எங்கே எண்ணிக்கை குறைவு" என்று பார்த்து ஊர் மாறுவது அதனால்தான் தவறிப் போகிறது.

ஊருக்கு ஊர் உண்மையில் மாறுவது தூரம். வீட்டு வாசலிலிருந்து ஆக்சிஜன் குழாய் உள்ள படுக்கைக்கு எத்தனை நிமிடம், தீவிர சிகிச்சைக்கு எத்தனை, தொற்று வந்த சிறுநீரக நோயாளிக்கு டயாலிசிஸ் செய்யும் இடத்துக்கு எத்தனை என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். போடியிலிருந்து தேனி 15 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தேனி நகரத்திலேயே இல்லை. ஆண்டிப்பட்டி சாலையில் க.விலக்கில் இருக்கிறது. மொத்தம் 25 கிலோமீட்டருக்கு மேல். அங்கே இடமில்லை என்றால் அடுத்தது மதுரை ராஜாஜி மருத்துவமனை, தேனியிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர், வேறு மாவட்டம். 2020 ஜூலை, ஆகஸ்டில் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது. 2021 மேயில் அதுவே இ-பதிவு என்று வேறு விதியாக வந்தது. மருத்துவ அவசரத்துக்கு அனுமதி உண்டுதான், ஆனாலும் சோதனைச் சாவடியில் நின்று கடிதம் காட்டும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். நிமிடக் கணக்கைப் பகலில் போட வேண்டாம். இரவு 2 மணிக்கு யார் வண்டி ஓட்டுவார், 108 எங்கிருந்து வரும் என்று வைத்துப் போடுங்கள்.

நெஃப்ரோ_டெக்னீஷியன்:

மேலே சொன்ன மூன்றாவது நிமிடக் கணக்குதான் உங்கள் வீட்டின் முடிவு. மற்ற நால்வருக்கும் எந்த ஊரும் சமாளிக்கும். மாமனாருக்கு வாரம் மூன்று தடவை, தடவைக்கு 4 மணி நேரம், வேறு வழியில்லை. ஊரடங்கிலும் மாதத்துக்கு 12, 13 முறை அவர் வீட்டை விட்டு வெளியே போயாக வேண்டும். "வீட்டுக்குள்ளேயே இருப்போம்" என்ற அறிவுரை அவருக்குப் பொருந்தாது.

ஒரு ஊரில் டயாலிசிஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது இதெல்லாம்:

மையம் ஒன்றா, இரண்டா? ஒரே மையம் உள்ள ஊரில் டெக்னீஷியன்கள் இரண்டு பேருக்குத் தொற்று வந்தால் ஒரு ஷிஃப்ட் அப்படியே போய்விடும். வழக்கமாக ஒருவர் மூன்று நான்கு மிஷினைப் பார்க்கிறார். ஆள் குறைந்தால் 4 மணி நேரம் 3 ஆகும், வாரம் மூன்று இரண்டாகும். 2021ல் பரவலாக நடந்தது இது.

தொற்று உறுதியான நோயாளிக்குத் தனி மிஷின், தனி அறை உண்டா, இல்லை வேறு மருத்துவமனைக்கு அனுப்புவார்களா? அனுப்புவார்கள் என்றால் எங்கே என்று பெயரோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான சின்ன மையங்களில் தனி மிஷின் கிடையாது. காய்ச்சல் என்று சொன்ன அன்றே உள்ளே விட மாட்டார்கள், பரிசோதனை முடிவு வரும் வரை காத்திருக்கச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை செய்தவருக்குத் திங்களன்று இந்தக் காத்திருப்பு வந்தால் புதன் வரை ஐந்து நாள் இடைவெளி. பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறுவதும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்குவதும் அப்போதுதான். மூச்சு வாங்குவதைப் பார்த்துத் தொற்று என்று நினைத்து இன்னும் தள்ளிப் போடுவார்கள். இந்தக் குழப்பத்தில் ஆபத்து இரட்டிப்பு.

தண்ணீரும் மின்சாரமும்? நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 4 மணி நேரத்துக்கு 120 லிட்டர் டயாலிசேட் (ரத்தத்தைச் சுத்தம் செய்யும் திரவம்) போகிறது. ஆர்ஓவில் கழியும் தண்ணீர் தனி. தண்ணீர் லாரியை நம்பியிருக்கும் மையத்தில் கோடையும் ஊரடங்கும் சேர்ந்து வந்தால் சிரமம். ஜெனரேட்டர் இருக்கிறதா, அது ஆர்ஓ மோட்டாரையும் சேர்த்து ஓட்டுமா என்று கேளுங்கள். மிஷினுக்கு மட்டும் இணைத்திருக்கும் இடங்கள் உண்டு.

எந்த ஊர் என்றாலும் இரண்டு தயாரிப்பு வேண்டும். ஒன்று, ஒரு டயாலிசிஸ் தவறினால் என்ன செய்வது என்பதை அவருடைய சிறுநீரக மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள்: தண்ணீர் அளவு எவ்வளவாகக் குறைய வேண்டும், பொட்டாசியத்தைப் பிணைக்கும் பொடி எத்தனை வேளை, எந்த அறிகுறிக்கு அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும் என்று. இளநீர், வாழைப்பழம், கீரைச் சாறு அந்த நாட்களில் அறவே கூடாது. உப்புக்குப் பதில் என்று விற்கும் "லோ சோடியம்" உப்பில் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்திருக்கும். அதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. இரண்டு, வயிற்று வழி டயாலிசிஸுக்கு (வயிற்றுக்குள் திரவத்தை விட்டு எடுத்து வீட்டிலேயே செய்வது) மாற முடியுமா என்று கேளுங்கள். நாளுக்கு மூன்று 2 லிட்டர் பை என்றால் மாதத்துக்கு 90 பை, 180 கிலோவுக்கு மேல் எடை; அதை அடுக்கச் சுத்தமான, வெயில் படாத இடம் வேண்டும். பை கொண்டு வரும் கூரியர் போடி வரை தவறாமல் வருமா என்பதும் தெரிய வேண்டும். இது அமைந்தால் மாதம் 12 பயணம் ஒன்று இரண்டாகக் குறையும், போடியும் மறுபடி கணக்கில் வரும். எல்லோருக்கும் ஒத்துவராது, முன்பு பெரிய வயிற்று அறுவை ஆனவர்களுக்குப் பெரும்பாலும் சிரமம்.

கொங்குமண்:

அக்கா, கோவை பற்றி மட்டும் சொல்கிறேன். சிங்காநல்லூர் என்றால் ஈஎஸ்ஐ மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. கோவிட் காலத்தில் அதைத்தான் முழுக் கோவிட் மருத்துவமனையாக மாற்றினார்கள். திருச்சி சாலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அவிநாசி சாலை நெடுகத் தனியார். டயாலிசிஸ் மையங்களுக்குப் பஞ்சமில்லை, ஒன்று மூடினால் இன்னொன்று உண்டு. அந்த வகையில் கோவை நல்ல ஊர்.

மாடிப் போர்ஷன்தான் யோசனையாக இருக்கிறது. டயாலிசிஸ் முடிந்து ரத்த அழுத்தம் இறங்கி வருபவர் படி ஏற வேண்டும். கீழ் வீட்டுக்காரர் மில்லுக்கோ பட்டறைக்கோ தினமும் போய் வருபவர் என்றால், ஒரே படிக்கட்டு, ஒரே கேட், ஒரே சம்ப் மோட்டார் சுவிட்ச் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்துக்கொள்வீர்கள். சொந்தக்காரர் என்பதால் "தள்ளி நில்லுங்கள்" என்றும் சொல்ல முடியாது. வாடகைக்கு வேற்று ஆள் வீட்டில் தரைத்தளம் பிடித்தால் அதுவே மேல். ஒப்பந்தத்தில் இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்யலாம் என்று போட்டுக்கொள்ளுங்கள். 11 மாதத்துக்குக் கட்டாயம் என்று இருந்தால் அலை முடிந்த பிறகும் மாட்டிக்கொள்வீர்கள்.

சுவரும்சாளரமும்:

ஊரைவிட வீடு முக்கியம் என்று நான் நினைக்கிறேன். சுவாசத் தொற்றில் ஒரே வீட்டுக்குள் பரவுவதைத் தடுக்க முடிகிறதா என்பதுதான் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குப் பெரிய கேள்வி. அதற்கு வேண்டியது இணைந்த கழிவறையோடு ஒரு தனி அறை, அந்த அறைக்கு வெளியைப் பார்த்த ஒரு சாளரம், காற்று வெளியே போகும் திசை.

கணக்கு எளிது. 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி: 1,200 கன அடி, ஏறக்குறைய 34 கன மீட்டர். மணிக்கு 200 கன மீட்டர் தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் மணிக்கு ஆறு முறை காற்று மாறும். ஃபேன் வெளிப்பக்கம் ஊதும்படி மாட்ட வேண்டும். கதவின் அடியில் ஒரு அங்குல இடைவெளி விட வேண்டும், அப்போதுதான் கூடத்துக் காற்று அறைக்குள் போகும், அறைக் காற்று கூடத்துக்கு வராது. பலரும் செய்யும் தவறு, "கிருமி வெளியே வரக்கூடாது" என்று கதவிடுக்கில் துணியைத் திணிப்பது. உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லாமல் ஃபேன் சும்மா சுற்றும். இன்னொன்று ஸ்பிளிட் ஏசி. அது அறைக் காற்றையே குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. சந்தேகம் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். வெளியில் பத்து லட்சத்தில் 420 பங்கு அளவு காட்டும். ஆள் இருக்கும் அறையில் 800க்குக் கீழே நின்றால் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது.

அடுக்குமாடி வீட்டில் கவனிக்க வேண்டியது கழிவறை. நம் ஊர்க் கட்டடங்களில் நான்கைந்து வீட்டுக் கழிவறைச் சாளரங்கள் ஒரே டக்டுக்குள் (மேலிருந்து கீழ்வரை போகும் காற்று இடைவெளி) திறக்கின்றன. கீழ்வீட்டு எக்ஸாஸ்ட் ஊதும் காற்று மேல்வீட்டுச் சாளரம் வழியே உள்ளே வரும். 2003ல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். விசாரணையில் தெரிந்தது: குளியலறைத் தரை வடிகால் ட்ராப்பில் (குழாய்க் காற்று மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) தண்ணீர் வற்றிப் போயிருந்தது, எக்ஸாஸ்ட் ஃபேன் கழிவுநீர்க் குழாயின் காற்றை அந்த வழியாக வீட்டுக்குள் இழுத்திருக்கிறது. புழங்காத குளியலறை, பால்கனி, வாஷிங் மிஷின் பக்கம் என்று ஒவ்வொரு நஹானி ட்ராப்பிலும் (தரை வடிகால் ட்ராப்) மூன்று நாளைக்கு ஒரு முறை ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். செலவே இல்லாத வேலை. நாற்றம் வந்தால் ட்ராப் வற்றிவிட்டது, அல்லது ட்ராப்பே வைக்கவில்லை என்று அர்த்தம்.

போடி வீட்டில் முற்றமும் திண்ணையும் பெரிய வரம். ஆனால் பழைய வீடுகளில் கழிவறை ஒன்றுதான், அதுவும் பின்கட்டில். நோயாளி அங்கே போக வீடு முழுவதையும் கடந்தாக வேண்டும். தெருப்பக்க அறையோடு ஒரு கழிவறை கட்டிவிடுங்கள். இரண்டு மாத வேலை. அலை வந்த பிறகு கொத்தனாரும் கிடைக்க மாட்டார், சிமெண்டும் கிடைக்காது.

தேனிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நஹானி ட்ராப் விஷயத்தை இன்றைக்கே பார்த்தோம், பால்கனியில் வற்றித்தான் இருக்கிறது.

இரண்டு கேள்வி. ஒன்று, போடிக்குப் பதில் தேனி டவுனிலோ மதுரையிலோ வாடகைக்கு எடுத்தால்? இரண்டு, வீட்டில் ஆக்சிஜன் வாங்கி வைத்தால் போடியின் தூரம் ஈடாகுமா?

பொதுச்சுகாதாரம்76:

இரண்டாவதற்கு முதலில். ஈடாகாது. வீட்டு ஆக்சிஜன், படுக்கை கிடைக்கும் வரை தாங்கிப் பிடிக்கும் பாலம்தான். சின்ன பி வகை சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் வைத்தால் 5 மணி நேரம். பெரிய டி வகையில் 7,000 லிட்டர். அதே வேகத்தில் 23 மணி நேரம். தீவிர சிகிச்சையில் மூக்கு வழி உயர் வேக ஆக்சிஜன் நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை எடுக்கும். அந்தக் கட்டத்தை வீட்டில் தொடவே முடியாது. 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் மிஷின்) வாங்கினால் 350 வாட் இழுக்கும் என்று வையுங்கள். 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் மூன்று மணி நேரம் ஓடும், அதுவும் ஃபேன், ரூட்டர் எதுவும் போடாமல். மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு மின்தடை அதைவிட நீளம். வாங்குவதென்றால் கான்சன்ட்ரேட்டரும் ஒரு பி சிலிண்டரும் சேர்த்து வாங்குங்கள். சிலிண்டரை எங்கே நிரப்புவார்கள் என்று முன்பே கேளுங்கள், காலி சிலிண்டரை வைத்துக்கொண்டு பயனில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 94க்குக் கீழே இறங்கினால் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். மாமனாருக்கு ஃபிஸ்டுலா இல்லாத வலது கை விரலில் பாருங்கள். ஃபிஸ்டுலா கையில் சில சமயம் ரத்த ஓட்டம் விரலுக்குக் குறைவாக இருக்கும், அளவு தப்பாகக் காட்டும்.

முதல் கேள்விக்கு: தேனி டவுன் போடியைவிட 15 கிலோமீட்டர் மிச்சம், அவ்வளவே. மதுரை நல்ல யோசனை. ராஜாஜி மருத்துவமனை, பல தனியார் மருத்துவமனைகள், டயாலிசிஸ் மையங்கள் எல்லாம் ஒரே நகரத்துக்குள், மாவட்டம் தாண்ட வேண்டாம். போடி வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, காய்கறி வர ஒரு வழியும் இருக்கும்.

ஆனாலும் என் கருத்து: மாமனாரின் மருத்துவர், ஃபிஸ்டுலா வைத்த அறுவை மருத்துவர், பழகிய மையம் எல்லாம் சென்னையில் இருக்கும்போது சென்னையே முதல் தேர்வு. வேளச்சேரியிலேயே, அதே மையத்துக்குப் பக்கத்தில், தரைத்தளமோ முதல் மாடியோ லிஃப்ட் தேவைப்படாத மூன்று படுக்கையறை வீட்டுக்கு மாறுங்கள். வேளச்சேரி என்பதால் டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று விசாரித்துவிட்டு எடுங்கள். இரண்டாவது தேர்வு மதுரை. கோவை மூன்றாவது. போடிக்குப் பையனும் பாட்டியும் மட்டும் போகலாம் என்று தோன்றும்; பாட்டிக்குச் சர்க்கரை, ஊரில் கல்யாணம், துக்கம் எதற்கும் போகாமல் இருக்க முடியாது. துக்கத்துக்கு 20 பேர், கல்யாணத்துக்கு 50 பேர் என்று அரசு விதி போட்டும் அந்தக் கூட்டங்களில்தான் சின்ன ஊர்களில் தொற்று கைமாறியது. சொந்த ஊரில் கதவைச் சாத்திக்கொள்வது நகரத்தைவிடக் கடினம்.

பையனையும் யோசியுங்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. 19 மாதத்துக்கு மேல் வீட்டில். மொட்டை மாடியோ சின்னத் தோட்டமோ இல்லாத வீட்டை எடுக்காதீர்கள்.

நெஃப்ரோ_டெக்னீஷியன்:

மதுரையை இரண்டாவதாக வைத்துக்கொள்வதென்றால் அதைக் காகிதத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஊருக்குப் போகும் ஒரு சமயம் அங்கே ஒரு மையத்தில் ஒரே ஒரு டயாலிசிஸ் செய்துவிட்டு வாருங்கள். வெளியூர் நோயாளியை முதல் முறை சேர்க்கத்தான் மையங்கள் தயங்கும். பதிவேட்டில் பெயர் இருந்தால் அலை நேரத்தில் இடம் கேட்பது எளிது.

பயணத்தை டயாலிசிஸ் முடிந்த மறுநாள் வையுங்கள், செவ்வாயோ வியாழனோ. சனி, ஞாயிறு வேண்டாம். வெள்ளியிலிருந்து திங்கள் வரை ஏற்கெனவே நீண்ட இடைவெளி, வழியில் ஒரு நாள் தாமதமானாலும் ஆபத்து.

கையில் கொண்டு போக வேண்டியவை: கடைசி மூன்று டயாலிசிஸ் தாள்கள், உலர் எடை (கூடுதல் நீர் நீங்கிய எடை), டயாலைசர் (ரத்த வடிகட்டி) வகை, ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) அளவு, மருந்துச் சீட்டு, ஒரு மாதத்துக்குள் எடுத்த ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி பரிசோதனை முடிவுகள். இந்த மூன்று முடிவும் பழையதாக இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். திரும்ப எடுத்து முடிவு வர ஒரு நாள் போகும். ஆகவே மாதம் பிறந்ததும் எடுக்கும் வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், படத்தை வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்திருங்கள்.